அரிவாள் செல் சோகை: அட்டப்பாடி முதல் பந்தலூர் வரை வாசகர் கேள்விகள்

ரத்தசோகை பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி மேற்கு எல்லையிலிருந்துதான்: அகளி, ஆனைகட்டி, கூடலூர், பந்தலூர், சுல்தான் பத்தேரி. பெரும்பாலும் அரிவாள் செல் சோகை (சிக்கிள்) பற்றியவை: ‘எஸ்’ என்ற மாறிய ஹீமோகுளோபினால் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய் அது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். மருந்தின் அளவுகளைச் சொல்லியிருப்பது டாக்டர் எழுதித் தந்த சீட்டு உங்களுக்குப் புரிவதற்காக. கடையில் நீங்களாக வாங்கிக் கொடுப்பதற்காக அல்ல.

எங்கள் பள்ளியில் நடந்த முகாமில் விரல் நுனியில் ரத்தம் எடுத்து, ஒரு மாணவிக்கு ‘சிக்கிள் பாசிட்டிவ்’ என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் ஒரே அழுகை. பிறகு கோயம்புத்தூரில் ஹெச்.பி.எல்.சி. எடுத்தால் ‘ஏ.எஸ்.’ என்று வந்திருக்கிறது. எதை நம்புவது?
*ஆசிரியை, அகளி*

இரண்டையும் நம்பலாம். இரண்டு சோதனைகளும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன.

முகாமில் செய்வது கரைதிறன் சோதனை. சோடியம் டைதயோனைட், சப்போனின் இரண்டும் கலந்த பாஸ்பேட் கரைசல் 2 மி.லி. எடுத்து, அதில் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை விடுவார்கள். சப்போனின் சிவப்பணுவை உடைக்கும். டைதயோனைட் ஹீமோகுளோபினிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும். சாதாரண ஹீமோகுளோபின் (ஏ வகை) கரைந்தே நிற்கும். எஸ் வகை கரையாமல் கலங்கும். ஐந்து நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடித்தால் கோடு தெரிகிறதா இல்லையா என்பதுதான் விடை. எஸ் இருக்கிறதா என்று மட்டும் அது சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ஒரு மரபணுவில் மட்டும் மாற்றம் உள்ள ‘தாங்கி’க்கும் (ஏ.எஸ்.), இரண்டிலும் உள்ள நோயாளிக்கும் (எஸ்.எஸ்.) அதே கலங்கல்தான்.

ஹெச்.பி.எல்.சி. ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினையும் பிரித்துச் சதவீதம் தரும். ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஏ கூடுதலா, எஸ் கூடுதலா என்பது. ஏ 55 முதல் 60, எஸ் 35 முதல் 40 என்று இருந்தால் அது தாங்கி நிலை, நோய் அல்ல. எஸ் மிக அதிகமாக இருந்து, ஏ அறவே இல்லாவிட்டால் எஸ்.எஸ். ஏ கொஞ்சம் இருந்தும் எஸ் அதைவிடக் கூடுதலாக இருந்தால், ஒரு பக்கம் பீட்டா தலசீமியாவும் (ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் இன்னொரு பரம்பரைக் குறை) சேர்ந்திருக்கலாம், அதுவும் நோயே. அந்த மாணவி தாங்கி. பள்ளிக்கு வரலாம், விளையாடலாம். கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓட்டப்பந்தயம் மட்டும் வேண்டாம்.

முகாம் சோதனை எங்கே தவறும் என்பதையும் ஆசிரியர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. அந்த வயதில் கருக்கால ஹீமோகுளோபின் அதிகம், எஸ் குறைவு. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இருப்பவருக்கு அதே 20 மைக்ரோலிட்டர் போதாது, இரண்டு பங்கு ரத்தம் விட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கரைசலை அறைச்சூட்டுக்கு வரும்வரை வைக்காமல் ஊற்றினாலும், பழைய டைதயோனைட்டைப் பயன்படுத்தினாலும், கலங்க வேண்டியது கலங்காது. ரத்தம் ஏற்றி மூன்று மாதம் ஆகாதவருக்கு ஹெச்.பி.எல்.சி.யும் ஏமாற்றும்: கொடுத்தவருடைய ஏ ரிப்போர்ட்டில் ஏறி, நோயாளி தாங்கி போலத் தெரிவார். ‘கடைசியாக எப்போது ரத்தம் ஏற்றினீர்கள்?’ என்று கேட்காமல் குழாயில் ரத்தம் எடுப்பவர் பாதி வேலைதான் செய்கிறார்.

என் மகனுக்கு எட்டு வயது, எஸ்.எஸ். மழைக்காலம் வந்தாலே கை கால் வலி என்று துடிக்கிறான். காய்ச்சல் வந்தாலும் வலி, ஓடினாலும் வலி. ஒரே ரத்தம், ஏன் இத்தனை காரணங்கள்?
*எஸ்டேட் தொழிலாளி, பந்தலூர்*

பார்க்கும்போது காரணங்கள் பல. அணுவுக்குள் அவை எல்லாம் ஓரிடத்தில்தான் போய்ச் சேருகின்றன.

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஜி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து ஜி.டி.ஜி. ஆகிவிட்டதால் அங்கே வேலைன் வந்து உட்காருகிறது. குளுட்டாமிக் அமிலம் மின்னூட்டம் கொண்டது, தண்ணீரை விரும்பும். வேலைன் தண்ணீரை வெறுக்கும், எண்ணெய்த்தன்மை கொண்டது. இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு மாதிரி நகர்கிறது என்று 1949-இல் லைனஸ் பாலிங் குழு காட்டியது. ‘மூலக்கூறு நோய்’ என்ற சொல் அப்போதுதான் மருத்துவத்துக்குள் வந்தது. மாறியது ஒரே ஓர் அமினோ அமிலம்தான் என்று வெர்னான் இங்கிராம் கண்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து.

ஆக்சிஜன் ஏறியிருக்கும்வரை அந்த வேலைனால் தொல்லை இல்லை. ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின் உருவம் மாறி, பக்கத்து மூலக்கூறில் ஒரு பள்ளம் திறக்கிறது. வேலைன் அதில் போய்ப் பொருந்திக்கொள்ளும். ஒன்றோடு ஒன்றாகக் கோத்து, 14 இழைகள் முறுக்கிய கயிறாக நீண்டு, சிவப்பணுவை உள்ளிருந்து இழுத்து அரிவாள் போல வளைக்கும். நுரையீரலில் மறுபடி ஆக்சிஜன் ஏறினால் கயிறு அவிழும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். இந்தக் கயிறு உடனே உருவாவதில்லை. ஆக்சிஜன் இறங்கியபின் சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு சட்டென்று மொத்தமும் திரளும். அந்தத் தாமதத்துக்குள் அணு நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பிவிட்டால் தப்பித்தது. கடக்க வேண்டிய நேரம் ஒரு விநாடி அளவு. உங்கள் மகனுக்கு வலி வரும் ஒவ்வொரு சமயமும், ஒன்று தாமதம் குறைகிறது, அல்லது கடக்கும் நேரம் கூடுகிறது.

குளிரில் தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன; அணு கடப்பது மெதுவாகிறது. நனைந்த சட்டையோடு பாடிக்கு (எஸ்டேட் குடியிருப்புக்கு) நடந்து வரும் பையனுக்கு வலி வருவது இதனால்தான். ஓடும்போது தசையில் அமிலம் கூடி, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை வேகமாக விட்டுவிடுகிறது. காய்ச்சலில் இரண்டும் சேர்ந்துகொள்ளும்: உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது, ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டும் புரதங்கள் முளைத்துச் சிவப்பணுவையும் வெள்ளணுவையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் தண்ணீர்தான். அணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி சிறிதளவு கூடினாலே தாமதம் பல மடங்கு சுருங்கிவிடும். நேர்விகிதக் கணக்கு இங்கே செல்லாது. போதாக்குறைக்கு, ஒருமுறை வளைந்த அணுவின் சவ்வு வழியே கால்சியம் உள்ளே கசிகிறது. அது கார்டோஸ் என்ற வாயிலைத் திறந்து பொட்டாசியத்தை வெளியேற்றும். பின்னாலேயே தண்ணீரும் போகும். அணு இன்னும் கெட்டியாகும், இன்னும் சுலபமாக வளையும். பல தடவை வளைந்த அணு ஆக்சிஜன் கிடைத்தாலும் நிமிராது. 120 நாள் வாழ வேண்டியது 10 முதல் 20 நாளில் உடைந்துபோகிறது. உடைந்த அணுவிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடுவதால் குழாய் மேலும் இறுகும்.

சிறுநீரகத்தின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, அமிலமும் உப்பும் அதிகம். முதலில் கெடுவது அந்த இடம்தான். அதனால் இந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீரைச் சுண்ட வைக்கத் தெரியாது. குடிக்காவிட்டாலும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். எட்டு வயதில் படுக்கையை நனைத்தால் திட்டாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை: 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சாதாரணமாகவே நாளுக்கு ஒன்றரை லிட்டர் வேண்டும். உங்கள் மகனுக்கு அது குறைந்தபட்சம். இரண்டு லிட்டரை ஒட்டி வையுங்கள், பள்ளிக்குத் தனி பாட்டில் கொடுத்து, சிறுநீர் கழிக்க அனுப்பும்படி ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். வலிக்கும் இடத்தில் வெதுவெதுப்பான ஒத்தடம். ஐஸ் கட்டி கூடவே கூடாது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம், ஆறு மணிக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் ஐபுப்ரோஃபென் வேண்டாம். கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் பஸ் ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமும் கூடுகிறது, குளிரும் கூடுகிறது. ஸ்வெட்டர், குல்லாய், தண்ணீர் மூன்றும் கையில் இருக்கட்டும்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். மண்ணீரல் சிறுகச் சிறுக அடைபட்டுச் செத்துப்போவதால் நியூமோகாக்கஸ் கிருமியை வடிகட்ட ஆள் இல்லை. சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். ஐந்து வயது வரை தினமும் பெனிசிலின் கொடுப்பது இதற்காக: ஒன்று முதல் மூன்று வயதுக்குள் 125 மி.கி., அதற்கு மேல் 250 மி.கி., காலை மாலை இருவேளை. ஒரு வயதுக்குள் 62.5 மி.கி. நெஞ்சுவலியோடு மூச்சு வாங்கினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், வாய் கோணினால் உடனே கிளம்புங்கள். சிறு குழந்தைக்கு இடது விலாவின் கீழே விரலை வைத்து மண்ணீரலைத் தடவிப் பார்க்க அம்மாக்கள் நர்ஸிடம் கற்றுக்கொள்ள வேண்டும். அது திடீரென்று வீங்கி, பிள்ளை வெளுத்துப் போனால், ரத்தம் எல்லாம் அங்கே தேங்குகிறது என்று பொருள். அது ஒரு நாள் பொறுக்காது.

ஹைட்ராக்ஸியூரியா என்பது புற்றுநோய் மருந்தாமே? மகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கப் பயமாக இருக்கிறது. மாதாமாதம் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?
*வாசகர், ஆனைகட்டி*

புற்றுநோய்க்கும் பயன்படுவது உண்மை. இங்கே அளவு குறைவு, நோக்கம் வேறு.

டி.என்.ஏ. கட்டுவதற்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதி ஒன்றை இது மெதுவாக்குகிறது. அந்த நெருக்கடியில் எலும்பு மஜ்ஜை, கருவில் இருந்தபோது செய்த எஃப் ஹீமோகுளோபினை மறுபடி செய்யத் தொடங்குகிறது. எஃப் அந்தக் கயிற்றில் சேராது. சேர வரும் எஸ்ஸையும் தடுத்துவிடும். கூடவே சிவப்பணு பெரிதாகி உள்ளே தண்ணீர் கூடுகிறது, ஒட்டிக்கொள்ளும் வெள்ளணுக்கள் குறைகின்றன. நம் நாட்டு நோயாளிகள் பலருக்கு எஃப் இயல்பாகவே கூடுதல். அதை வைத்து ‘இது லேசான நோய்’ என்று மருந்தைத் தள்ளிப்போடுவது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

இங்கே பெரும்பாலும் கிலோவுக்கு 10 மி.கி. என்று ஆரம்பித்து ஏற்றுவார்கள். கடையில் பெரும்பாலும் கிடைப்பது 500 மி.கி. கேப்ஸ்யூல். அதனால் சின்ன எடைக்கு ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்று எழுதுவதுண்டு. டாக்டர் குழம்பிவிட்டார் என்று நினைத்துத் தினமும் கொடுத்துவிடாதீர்கள். இரட்டிப்பு அளவாகிவிடும். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கரைத்துக் கொடுக்கச் சொன்னால், கர்ப்பிணிகள் அந்தத் தூளைத் தொட வேண்டாம். மற்றவர்கள் கையுறை போட்டுக் கையாண்டு, பிறகு கை கழுவ வேண்டும்.

மாதப் பரிசோதனை மஜ்ஜையை அதிகமாக அமுக்கிவிட்டோமா என்று பார்க்க. நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) 2,000-க்கு மேல் நிற்க வேண்டும், சிறு பிள்ளைகளுக்கு 1,250 வரை பொறுப்பதுண்டு. பிளேட்லெட் 80,000-க்குக் கீழே போகக் கூடாது. போனால் நிறுத்தி, அணுக்கள் ஏறியதும் குறைந்த அளவில் தொடங்குவார்கள். அதே ரிப்போர்ட்டில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) என்ற எண்ணையும் பாருங்கள். மருந்து வேலை செய்தால் அது மாதத்துக்கு மாதம் ஏறும். ஏறவே இல்லை என்றால் பெரும்பாலும் மருந்து சரியாக வயிற்றுக்குப் போகவில்லை. டாக்டரிடம் அதை மறைப்பதில் பயனில்லை. ஆல்ஃபா தலசீமியா கூடவே இருந்தாலும் எம்.சி.வி. தாழ்வாகத்தான் தொடங்கும், அது வேறு. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டாவது மாதமே ‘வலி நிற்கவில்லை’ என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மகள் பெரியவளாகி, குழந்தைக்குத் திட்டமிட்டால் அதற்கு மூன்று மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

எஸ்.எஸ். உள்ள தம்பிக்கு ஹீமோகுளோபின் 8 தான். இரும்புச்சத்து டானிக், பீட்ரூட், மாதுளை கொடுத்தால் ஏறுமா?
*கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை*

ஏறாது. அவனுக்கு இரும்பு குறையவில்லை. அணு சீக்கிரம் உடைகிறது, உடைந்த அணுவின் இரும்பு உடம்பிலேயே தங்குகிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றியவர்களுக்கு ஈரலிலும் இதயத்திலும் இரும்பு படியும். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை) பார்த்துக் குறைவு என்று உறுதியானால் மட்டும் டானிக். வேண்டியது ஃபோலிக் அமிலம். புது அணுக்களை ஓயாமல் செய்யும் மஜ்ஜைக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பீட்ரூட்டும் மாதுளையும் ருசிக்காகச் சாப்பிடட்டும். 8 என்பது அவனுடைய வழக்கமான அளவாகவே இருக்கலாம். நன்றாக இருக்கும் நாளில் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். அதிலிருந்து 2 கிராம் இறங்கினால்தான் கவலை.

நான் தாங்கி. மாமன் மகளைப் பேசி முடித்திருக்கிறார்கள், அவளும் தாங்கி. முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்கிறார்கள். உண்மையா?
*வாசகர், கூடலூர்*

இல்லை. நாலில் ஒன்று என்ற கணக்கு ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் 25 சதவீதம் நோய், 50 சதவீதம் தாங்கி, 25 சதவீதம் எதுவும் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் வரலாம், ஒன்றுக்கும் வராமலும் போகலாம். திருமணம் முடிந்தே தீரும் என்றால் கர்ப்பம் உறுதியானதும் தள்ளிப்போடாமல் போங்கள்: 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுத்திசு எடுத்துக் கருவின் மரபணுவைப் பார்க்க முடியும். நான்காவது மாதத்தில் வந்து நின்றால் வழிகள் குறையும். பெண்ணுக்கு ‘சிக்கிள் இல்லை’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பீட்டா தலசீமியா தாங்கியா என்றும் அதே ஹெச்.பி.எல்.சி.யில் பாருங்கள். எஸ்ஸும் தலசீமியாவும் சேர்ந்தாலும் பிள்ளைக்கு நோய்தான்.

இருளர், குறும்பர், பணியர், வயநாடன் செட்டி என்று மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஏன்? எங்கள் காட்டு உணவினாலா?
*வாசகர், சுல்தான் பத்தேரி*

உணவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரணம் மலேரியா. தாங்கியின் சிவப்பணுவுக்குள் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி புகுந்தால், ஆக்சிஜன் குறைந்த இடங்களில் அதன் வளர்ச்சி தடைபடுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள அது நீட்டும் புரதமும் அணுவின் மேல் சரியாக வந்து சேர்வதில்லை. கொசு மிகுந்த காட்டில் பல தலைமுறைகளாகத் தாங்கிகள் கூடுதலாகப் பிழைத்தார்கள், மரபணு நிலைத்தது. ஆப்பிரிக்காவில் இந்தத் தொடர்பை அந்தோணி ஆலிசன் 1954-இல் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1952-இல், ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரி மக்களிடம் இந்த மரபணு இருப்பதைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆக, இங்கே இது புதிய செய்தியே அல்ல. பரிசோதனை ஊர்வரை வந்து சேரத்தான் இவ்வளவு காலம். 2047-க்குள் ஒழிப்பது என்ற இலக்கோடு மத்திய அரசு தேசியத் திட்டம் தொடங்கியது 2023 ஜூலையில்தான்.

ஒரு எச்சரிக்கை: தாங்கிக்குத்தான் பாதுகாப்பு. எஸ்.எஸ். பிள்ளைக்கு மலேரியா வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஜீனையே வெட்டி ஒட்டும் சிகிச்சை வந்துவிட்டதாமே?
*பலர்*

வந்துவிட்டது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. அது எஸ் மரபணுவைத் திருத்துவதில்லை. எஃப் ஹீமோகுளோபினை அடக்கி வைக்கும் பி.சி.எல்.11.ஏ. என்ற மரபணுவின் சுவிட்சை, நோயாளியின் சொந்தத் தண்டுச்செல்லில் வெட்டுகிறார்கள். திருப்பி ஏற்றுவதற்கு முன் பழைய மஜ்ஜையைக் கீமோ கொடுத்து அழிக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி. அறிமுகமானபோது அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மஜ்ஜை மாற்று சிகிச்சை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் செய்கிறார்கள். ஒரே தாய் தகப்பன் பிள்ளை ஒன்று முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடாமல் பிடித்து வைத்துக் கயிற்றைத் தடுக்கும் வாக்ஸலோட்டர் மாத்திரையைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது 2024 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. யாராவது வாங்கித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

எனக்குச் சிக்கிள் இல்லை. வைவாக்ஸ் மலேரியாவுக்கு 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. உடனே ஜி6பி.டி. பார்த்ததில் நார்மல். பிறகு எதனால்?
*லாரி ஓட்டுநர், பந்தலூர்*

அந்த ‘நார்மலை’ நம்பாதீர்கள். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் குளுட்டாத்தயோனைப் புதுப்பிக்க அதற்கு இருக்கும் ஒரே வழி ஜி6பி.டி. நொதி தரும் என்.ஏ.டி.பி.ஹெச். நொதி குறைந்தவர் பிரைமாகுவின் (வைவாக்ஸுக்குத் தரும் அந்த 14 நாள் மாத்திரை) சாப்பிட்டால் ஹீமோகுளோபின் கட்டியாகி அணு உடைகிறது. முதலில் உடைவது நொதி தேய்ந்துபோன கிழட்டு அணுக்கள். மிஞ்சுவதும் மஜ்ஜை அவசரமாக அனுப்புவதும் இளம் அணுக்கள். அவற்றில் நொதி ஓரளவு இருக்கும். அந்த நேரத்தில் சோதித்தால் நல்ல எண் வரும். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள், அளவு காட்டும் சோதனையாக.

அதுவரை பிரைமாகுவின், டாப்ஸோன் (தொழுநோய்க்குத் தரும் மருந்து) இரண்டும் வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும் சிறுநீர் கறுத்த கதையை முதலில் சொல்லுங்கள். குறைபாடு உறுதியானால் கிலோவுக்கு 0.75 மி.கி. வீதம் வாரம் ஒருமுறை, எட்டு வாரம் என்ற முறை இருக்கிறது, அதுவும் கண்காணிப்பில்தான். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் உங்களுக்கு அது அம்மா வழியில் வந்தது. அக்கா தங்கையின் ஆண் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் துணிப்பெட்டியிலிருந்து நாப்தலின் உருண்டையை எடுத்துவிடுங்கள், உருண்டை கிடந்த துணியை அலசி வெயிலில் போட்ட பிறகே பிள்ளைக்குச் சுற்றுங்கள்.